ஒரு மண்டலம், ஒரே பனியன்

மாநாட்டில் ஃபிளக்ஸ் பேனர் கூடாது என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. பிளாஸ்டிக் பூமிக்குக் கேடு. அதனால் அரங்கத்தின் நான்கு சுவர்களும் மறைகிற அளவுக்குப் புதுத் துணி எடுத்து, அதற்குப் பச்சைச் சாயம் ஏற்றி, 'பூமியைக் காப்போம்' என்று அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பூச்செண்டு வீண் என்று வந்தவர்களுக்கெல்லாம் மரக்கன்று கொடுத்தார்கள். அவை வெளியே வெயிலில் நின்ற கார்களின் டிக்கிக்குள் வெந்துகொண்டிருந்தன. ஆளுக்கொரு துணிப்பை. பைக்குள் ஒரு பனியன். பனியனுக்குள் 'தேவையில்லாமல் துணி வாங்காதீர்கள்' என்று ஓர் அட்டை.

இப்பேர்ப்பட்ட பசுமைப் பின்னலாடை மாநாட்டில்தான் ஆத்தப்பன் தவளையைப் போலத் தன் வாயால் கெட்டார்.

ஆத்தப்பன் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கும் பனியன் என்றுதான் பெயர். அவர் கம்பெனியில் தைப்பது முழுவதும் கப்பலேறி, ஐரோப்பாவில் ஒரே ஒரு கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனிக்காகச் சரக்கு வாங்க வருகிற கரீன் என்கிற வெள்ளைக்கார அம்மிணி அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வருஷ ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை. பங்களாதேஷில் இதைவிட மலிவு என்று போன தடவையே அவர் ஒரு வார்த்தையைக் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த ஆர்டர் கைமாறினால் ஆத்தப்பனின் இரண்டு மாடி மெஷின்களும் தூங்கிவிடும். அவருக்குத் தூக்கம் போய்விடும்.

ஆகவே கரீன் அம்மிணி காதில் விழுகிற மாதிரி எதையாவது பெரிதாகச் சொல்லியாக வேண்டும். 'பத்தாயிரம் மரம் நடுவோம்' என்று எழுதிய தாள் ஆத்தப்பனின் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அவருக்கு முன்னால் பேசிய செல்வக்குமார், பக்கத்து வீதிக் கம்பெனிக்காரர், அதே பத்தாயிரத்தைச் சொல்லிவிட்டார். அடுத்தவர் இருபதாயிரம் என்றார். அதற்கடுத்தவர் ஒரு லட்சம். இன்னும் நாலு பேர் பேசியிருந்தால் திருப்பூரில் கம்பெனி நடத்த இடமே இருந்திருக்காது, காங்கயம் வரைக்கும் காடாகிப் போயிருக்கும். சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித் தானே குடித்ததாக ஒருவர் போட்டோ காட்டினார். போட்டோவில் அவர் குடிப்பதற்கு முன்னால்தான் இருந்தார்.

மைக் ஆத்தப்பன் கைக்கு வந்தது. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் மைக்கைப் பிடித்த பிறகு ஒன்றும் இல்லை என்று சொல்லுகிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"மரம் நட்டாப் போதுங்களா?" என்று ஆரம்பித்தார். "நாம தெக்கிற துணிய வெளிநாட்டுல நாலு தடவ போட்டுப்போட்டுக் குப்பைல வீசறாங்க. அதுக்கு எத்தன தண்ணி, எத்தன சாயம், எத்தன கரண்ட்டு! நான் ஒண்ணு சொல்றனுங்க. சபரிமலைக்கு மால போட்டா ஒரு மண்டலம் விரதம் இருக்கறமல்ல? அதாட்ட இன்னையில இருந்து ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், என்ற கம்பெனிப் பனியன் ஒண்ணே ஒண்ணு! அதையே தொவச்சுத் தொவச்சுப் போடுவேன். வேற துணி மேல பட்டாப் பழனி முருகன் கேக்கட்டும்!"

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். கரீனுக்குப் பக்கத்தில் இருந்த நாகஜோதி குனிந்து ஆங்கிலத்தில் சொன்னாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். ஆத்தப்பன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் சொன்னதை முதலாளிக்கும், முதலாளி சொன்னதை வெளிநாட்டுக்காரருக்கும், ரெண்டு பேருக்கும் கோபம் வராத பதத்தில் மாற்றித் தருவது அவள் உத்தியோகத்தில் முக்கால் பாகம். அவள் என்ன பதத்தில் சொன்னாளோ, கரீன் எழுந்தே நின்றுவிட்டார். மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார்.

"சார்," என்று நாகஜோதி பரபரப்பாகத் தமிழாக்கினாள், "மண்டலம் முடியிற அன்னைக்கி மேடம் நேர்ல வர்றாங்களாம். அந்தப் பனியனத் தொட்டுப் பாத்துட்டு அன்னைக்கே வருச ஆர்டர்ல கையெழுத்துப் போடுறாங்களாம்!"

"பனியன இப்பவே போடோணுமுங்க, ஆத்தப்பண்ணா!" என்று கீழேயிருந்து கத்தினார் செல்வக்குமார். அடுத்தவன் கிணற்றில் இறங்கும்போது கயிறு எடுத்துக் கொடுக்க அவரைப் போல ஆள் கிடையாது. அவரே ஓடி, ஆத்தப்பனின் கம்பெனி ஸ்டாலிலிருந்து ஒரு பச்சைப் பனியனை எடுத்து வந்தார். நெஞ்சில் பெரிய இலைப் படம். அந்த மாதம் கரீனுக்குப் போக இருந்த சரக்கு. ஆத்தப்பன் வெள்ளைச் சட்டைக்கு மேலேயே அதை இழுத்து மாட்டினார். கேமராக்கள் மின்னின.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இந்துமதி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஆருங்க நீங்க? எங்கூட்டுக்காரரு வெள்ளையுஞ் சொள்ளையுமால்ல போனாரு!"

விஷயத்தைச் சொன்னார். அவள் பனியனின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நம்ம கம்பெனித் துணீங்களா? இதுல மோர் வடிகட்டலாமுங்க."

அப்போதுதான் ஆத்தப்பனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமாகப் பனியன் தைத்து ஏற்றுமதி செய்கிறார்; அதில் ஒன்றைக்கூட அவர் உடம்பில் போட்டதில்லை. ஊரில் எந்த முதலாளியும் போட்டதில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அது வேறு ஊர்த் துணி. ஒவ்வொரு வருஷமும் கரீன் விலையைக் கொஞ்சம் குறைப்பார். ஆத்தப்பன், "ஓக்கே மேடம்" என்பார். நூலைக் கொஞ்சம் மட்டமாக்குவார். அடுத்த வருஷம் சாயத்தில் ஒரு கழுவலைக் குறைப்பார். அதற்கடுத்த வருஷம் துணி சுருங்காமல் இருக்கச் செய்கிற வேலையை விட்டுவிடுவார். விலை இறங்க இறங்கத் துணியும் கூடவே இறங்கி, கடைசியில் ஓர் ஆளின் உடம்பை மறைக்கலாமா வேண்டாமா என்று அதுவே யோசிக்கிற நிலைக்கு வந்திருந்தது.

முதல் சலவையில் அந்த யோசனை முடிவுக்கு வந்தது. விரதத் துணி என்று இந்துமதி தனியாகக் கையால் அலசிக் கொடியில் போட்டாள். காய்ந்து எடுத்தபோது பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புளுக்கு வந்திருந்தது. இரண்டாவது சலவையில் கழுத்து கிணற்று வாயாகப் பிளந்தது. மூன்றாவதில் நெஞ்சிலிருந்த இலை பாதி உதிர்ந்துவிட்டது. படம் போட்டவன் இலையுதிர்காலம் வரைக்கும் யோசித்துத்தான் போட்டிருக்கிறான்.

"இனி இது மனுசனுக்கு ஆகாதுங்க, மாமா," என்று இந்துமதி தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதை டிரைவர் கன்னையனிடம் கொடுத்தாள். "காரத் தொடைக்க வெச்சுக்கண்ணா."

விஷயம் இத்தோடு போயிருந்தால் ஆத்தப்பன் ஒரு காய்ச்சலைக் காரணம் காட்டி விரதத்தை முடித்திருப்பார். ஆனால் அதற்குள் ஊர் பற்றிக்கொண்டது. நாகஜோதி தினமும் காலையில் பனியன் போட்ட முதலாளியைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருந்தாள். கரீன் ஒவ்வொன்றுக்கும் இதயம் அனுப்பிக்கொண்டிருந்தார். கம்பெனிக்குள் நுழைந்தால் தையல் லைன் முழுக்க எழுந்து நின்று, "சாமியே!" என்றது. இந்திக்காரப் பையன்கள் என்னவென்று புரியாமலே கும்பிட்டார்கள். இனி பின்வாங்கினால் போவது ஆர்டர் மட்டுமில்லை.

சேம்பிள் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவசர ஆலோசனை நடந்தது. ஆத்தப்பன், நாகஜோதி, வாஷிங் மாஸ்டர் ஆரோக்கியராஜ், மூன்றே பேர்.

"அதே மாதிரி புதுசு ஒண்ண எடுத்துப் போட்டுக்கறன்," என்றார் ஆத்தப்பன். "கோடவுன்ல மலையாட்டக் கெடக்குது. ஆரு பாக்கப்போறாங்க?"

"புதுசு புதுசாத்தான் சார் தெரியும்," என்றாள் நாகஜோதி. "மேடம் போட்டோவப் பெருசாக்கி நூல எண்ணுவாங்க. நேத்து வெளுத்திருந்தது இன்னைக்கிப் பளபளன்னு இருந்தா பூராம் தெரிஞ்சுபோகும்."

ஆரோக்கியராஜ் அதுவரை காதைக் குடைந்துகொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். "இதுக்கு ஏன் சார் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய? பழசாக்கணும், அம்புட்டுத்தான? புது ஜீன்ஸ்ல முழங்காலக் கிழிச்சிக் குடுத்த கை சார் இது. எத்தன நாள் பழசு வேணும்னு மட்டும் சொல்லுங்க."

அறைக்குள் ஒரு வெளிச்சம் பரவியது. தர்மசங்கடமாக இருந்தவரைக்கும் ஒருவருக்கும் வழி தெரியவில்லை. அதுவே ஆர்டராக மாறியதும் மூவருக்கும் கைகால் முளைத்துவிட்டது. திருப்பூர்க்காரனிடம் எதையும் பிரச்சினையாகக் கொடுக்கக் கூடாது, ஆர்டராகக் கொடுக்க வேண்டும். நாகஜோதி உடனே அதற்கு 'மண்டலம்' என்று ஸ்டைல் பெயர் வைத்தாள். முதல் வாரப் பழசு, நடு மண்டலப் பழசு, கடைசிப் பழசு என்று ஷேடு பிரித்தார்கள். சேம்பிள் வந்தது, அப்ரூவல் போனது, திரும்பி வந்தது.

"மாஸ்டர், கழுத்து இன்னுங்கொஞ்சம் தொங்கட்டும்."

"கக்கம் வெளுத்தது பத்தல மாஸ்டர். சார் வேர்க்குற ஆளு."

"ஒரு சாம்பார்க் கறை வேணுமுங்க. கறையே இல்லாமப் போட்டா நம்ப மாட்டாங்க."

கறைக்கு ஆத்தப்பன் தாமே முன்வந்து இட்லியைச் சாம்பாரோடு நெஞ்சில் தவறவிட்டார். ஆனால் வீட்டுச் சாம்பாரின் நிறம் சலவையில் நிற்கவில்லை. ஆரோக்கியராஜ் சாயத்திலேயே சாம்பார் கலக்கித் தந்தார். அது நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

ஒரே ஒரு சிக்கல். ஒற்றைப் பனியனுக்காகச் சலவை மெஷினை ஓட்ட முடியாது. டிரம் நிறைய வேண்டும், நிறைந்தால்தான் பழசாக்கப் போடுகிற கல்லும் துணியும் ஒழுங்காக உரசும். ஆகவே தினமும் கோடவுனிலிருந்து புதுப் பனியன்களை அள்ளி வந்து டிரம்மை நிரப்பினார்கள். நுரைக்கல் போட்டார்கள், மருந்து போட்டார்கள், பாய்லருக்கு விறகு போட்டார்கள், லாரித் தண்ணீர் விட்டார்கள். ஓடி முடிந்ததும் அந்தக் குவியலிலிருந்து அன்றைய வயசுக்குப் பொருத்தமான ஒன்றைப் பொறுக்கி முதலாளிக்கு மாட்டிவிட்டு மீதியை ஓரமாகக் கொட்டினார்கள். கொட்டிய குவியல் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் போனது. அங்கே மிஞ்சுகிற உப்பு வழக்கம்போல் மூட்டையாகி, ஏற்கெனவே எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற மூட்டைகளோடு போய்ச் சேர்ந்தது. ஒரு மனுஷன் ஒரே பனியனோடு எளிமையாக வாழ்வதற்கு இரண்டு ஷிப்டு ஆள் தேவைப்பட்டது.

வெளியே விரதம் காட்டுத்தீயாகப் பரவியது. ஆத்தப்பன் ஒரு மண்டலம் என்றால் நான் ரெண்டு மண்டலம் என்று செல்வக்குமார் ஆரம்பித்தார். காதர்பேட்டைப் பனியன் சந்தையில் வடக்கத்தி வியாபாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து 'மண்டலப் பனியன்' கேட்டார்கள். இலை போட்ட பச்சைப் பனியன் கடைக்குக் கடை தொங்கியது. ஒரே பனியன் விரதப் பனியன், மூன்று எடுத்தால் ஒன்று இலவசம். சோமனூரில் ஒரு தறிக்காரர் விரதத் துண்டு போட்டார். வெள்ளகோவிலில் ஆத்தப்பனின் பங்காளி ஒருவர், விரதம் இருக்க வசதியாகக் குடும்பத்தில் தலைக்கு ஆறு பனியன் வாங்கி வைத்திருப்பதாகப் பெருமையோடு போன் பண்ணினார்.

கூட்டங்களுக்கு அழைப்பு குவிந்தது. ரோட்டரி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபத் திறப்பு, எல்லாவற்றுக்கும் ஆத்தப்பன்தான் தலைமை. இப்படிப்பட்டவருக்குப் பொன்னாடை போர்த்துவது முறையல்ல என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. பனியன் போர்த்தினார்கள். ஒவ்வொரு மேடையிலும் மாலை மாதிரி பத்துப் பதினைந்து பனியன். கார் நிறைய வந்து இறங்கியது.

"ஏனுங்க," என்றாள் இந்துமதி, பீரோக் கதவை முதுகால் தள்ளிச் சாத்தியபடி. "ஒரே பனியன் போடறவரு ஊட்டுல பனியன் வெக்க எடமில்லீங்களே. நாலு பனியன் போடறவரா இருந்திருந்தா இத்தன தொந்தரவு இருக்காதுங்களாட்ட இருக்குது."

"உனக்கு இதோட தத்துவம் புரியாது புள்ள," என்றார் ஆத்தப்பன்.

விசேஷம் என்னவென்றால், அவருக்கே அது புரிய ஆரம்பித்திருந்தது. நடித்து நடித்து நடுமண்டலத்துக்குள் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு கல்லூரி மேடையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இது துணியில்லீங்க, என்ற தோலு. என்ற வேர்வையெல்லாம் இதுக்குத் தெரியும்," என்று சொன்னபோது அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அந்தப் பனியன் அன்று காலைதான் டிரம்மிலிருந்து வெளியே வந்தது, சூடுகூட ஆறவில்லை. மாணவிகள் அழுதார்கள். கீழே நின்ற ஆரோக்கியராஜும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதது வேறு காரணம். கழுத்து அன்றைக்குத்தான் சரியாகத் தொங்கியது.

மண்டலம் நிறைந்த நாளும் வந்தது.

கம்பெனி வாசலில் மாவிலைத் தோரணம். பச்சைத் துணி பேனர், புதிதாக அடித்தது. ஜமாப் மேளக்காரர்கள் கரீனின் கார் திரும்புவதற்கு முன்பே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தையல் லைன்கள் மாடியிலிருந்து இறங்கி முற்றத்தில் நெருக்கியடித்து நின்றன. செல்வக்குமார் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார், பக்கத்தில் போட்டோகிராபர். ஆத்தப்பன் கவிழ்ந்தால் படத்தைத் தப்பவிடக் கூடாதல்லவா. ஆத்தப்பன் கடைசிப் பழசைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார். பல தடவை திருப்பி அனுப்பிக் கடைசியில் தேறிய உருப்படி அது. வெளுப்பு, தொங்கல், சாம்பார் எல்லாம் அதனதன் இடத்தில். இலைகூட உதிராமல், மரியாதையாக மங்கியிருந்தது.

கரீன் வந்தார். மேளம் நின்றது. ஆத்தப்பனைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கழுத்துப் பட்டியைத் தொட்டார். ஓரத்தைப் புரட்டி உள்தையலைப் பார்த்தார். ஆத்தப்பனின் வயிறு தானாக உள்ளே போனது.

"நைஸ்," என்றார் கரீன்.

அவ்வளவுதான். மேளம் மறுபடி பொங்கியது, கைதட்டல் பறந்தது. ஆனால் ஆத்தப்பனின் காது ஆர்டர் என்கிற ஒரு சொல்லுக்காக விறைத்து நின்றது. அது வரவில்லை. இருபத்துச் சொச்சம் வருஷமாக அவர் கரீனிடம் வியாபாரம் பண்ணுகிறார். வாங்குகிற நாளில் அம்மிணி நைஸ் என்று சொல்ல மாட்டார், விலையைக் கேட்பார். கரீன் சிரித்த முகத்தோடு கைகூப்பிவிட்டுக் காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"போறாங்களே கண்ணு!" என்று நாகஜோதியின் காதுக்குள் கதறினார் ஆத்தப்பன். "நம்ம கார்லயே ஏத்து. ஊட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். வழீல பேசிக்கலாம்!"

லேசாகத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. போர்ட்டிகோவில் முதலாளியின் கார் தயாராக நின்றது. கன்னையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், தினமும் துடைப்பது போல, நிதானமாக, வட்டம் வட்டமாக. கரீன் சட்டென்று நின்றார்.

கன்னையன் கையில் இருந்தது பச்சைத் துணி. அதில் பாதி இலை.

நாகஜோதி நாக்கைக் கடித்தாள். ஆத்தப்பன் ஓடிப்போய்க் காருக்கும் கரீனுக்கும் நடுவில் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தினார். அதனால் வினைதான் கூடியது. அவர் நெஞ்சில் ஓர் இலை, அவருக்குப் பின்னால் கன்னையன் கையில் அதே இலையின் பாதி. கரீன் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கையை நீட்டினார். வெள்ளைக்கார அம்மிணி காரைத் துடைக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக் கன்னையன் பயபக்தியோடு கொடுத்துவிட்டார்.

செல்வக்குமாரின் போட்டோகிராபர் படம் தட்டிக்கொண்டேயிருந்தார். கரீன் அந்தத் துணியை உதறி விரித்தார். தொப்புளுக்கு வந்த தையல். கிணற்று வாய்க் கழுத்து. ஓரத்தில் கிரீஸ் கறை ஒன்று, ஆள்காட்டி விரல் நீளத்துக்கு.

ஆத்தப்பனுக்குள் ஏதோ அறுந்தது. "சொல்லீரு கண்ணு," என்றார். "முருகன் மேல சத்தியம் பண்ணுனது, எனக்குப் பொறுக்கல, சொல்லீரு! அதுதான் நெசப் பனியன். மூணு தண்ணில போச்சு. நான் போட்டிருக்கறது மெசின்ல பழசாக்குனது. நேத்து ஒண்ணு, முந்தாநேத்து ஒண்ணு, தெனம் ஒண்ணு. ஒண்ணுக்கோசரம் ஒரு டிரம்மு. எல்லாம் பொய்யி. அவங்க குடுத்த வெலைக்கு அப்படித்தான் துணி வருமுங்கறதையுஞ் சேத்துச் சொல்லீரு!"

"சார், நெசமாவே சொல்லவா?"

"சொல்லு!"

நாகஜோதி சொன்னாள். தன் வாழ்க்கையின் பெரிய பாவமன்னிப்பு ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் முடிந்துவிட்டதைக் கேட்டு ஆத்தப்பனுக்கு அந்த நிலையிலும் ஒரு வருத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

கரீன் சிரித்தார். நாகஜோதி விழித்தாள்.

"சார்... அவங்களுக்குத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சாம். வெளிய தேஞ்சிருக்கு, உள்தையல் நூலு புதுசா இருக்குன்னு. அதப் பத்தி ஒண்ணுமில்லயாம்." ஒரு மூச்சு வாங்கினாள். "இந்த வாஷ் யாரு பண்ணதுன்னு கேக்குறாங்க."

"எந்த வாஷ்?"

"இந்தத் துணிதான் சார். அவங்க கையில இருக்குறது."

வாஷ் என்ற சொல்லைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் ஆரோக்கியராஜ் ஓர் அடி முன்னே வைத்தார். கரீன் காட்டிய துணியைப் பார்த்துவிட்டு அதே அடியைப் பின்னே வைத்தார். அத்தனை கண்களும் கன்னையன் பக்கம் திரும்பின.

"என்ன போட்டு, எப்படி, எத்தன நாளுன்னு கேக்குறாங்கண்ணே," என்றாள் நாகஜோதி.

கன்னையன் வேலை போகப் போகிறது என்று நினைத்தார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க. ஊட்டம்மா குடுத்த நாள்ல இருந்து காத்தால ஒருக்கா தொடைப்பனுங்க. மொதல்ல கண்ணாடீங்க, பொறவு டயருங்க. வெள்ளிக்கெழமையானா இன்சின் மூடியத் தொறந்து ஒரு தொடப்பு. புழிஞ்சு வெயில்ல போடுவனுங்க. வேற தப்பு ஒண்ணுமில்லீங்க."

நாகஜோதி அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கரீன் போனில் குறித்துக்கொண்டார். கண்ணாடி. டயர். வெயில். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு பூரிப்பை ஆத்தப்பன் கண்டதில்லை. பேச ஆரம்பித்தார், நிறுத்தவில்லை. நாகஜோதி மூச்சுத் திணறத் துரத்தினாள்.

"சார், வர்ற கோடைக்கி அவங்க கடை பூராம் இந்த லுக்குதானாம்! நீங்க போட்டிருக்குறது ரொம்பச் சுத்தமா இருக்காம், வேணாமாம். இதுதான் உண்மையா இருக்காம். இதே முறுக்கல், இதே பாதி இலை, இதே கிரீஸு, அதே எடத்துல! கூட ஒரு அட்ட கட்டணுமாம். 'ஒரு மனிதர், ஒரு மண்டலம், ஒரே பனியன்'னு போட்டு..."

"எத்தன பீஸு?" குரல் ஆத்தப்பனுடையதுதான். ஆனால் அது பாவமன்னிப்புக் கேட்டவருடைய குரல் இல்லை.

"நாலு லட்சம் சார்! வருச ஆர்டர் போக!"

"முருகா!" என்று ஆத்தப்பன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். ஜமாப்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மேளம் வெடித்தது. தையல் லைன்கள் குதித்தன. இந்திக்காரப் பையன்கள் இந்தத் தடவையும் என்னவென்று கேட்கவில்லை, முதலில் ஆடினார்கள். ஆரோக்கியராஜ் அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே, "கிரீஸ ஸ்ப்ரே பண்ணவா, பிரஷ்ல தேய்க்கவா? நாலு லச்சத்துக்கும் ஒரே எடத்துல விழணும்லா?" என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தார். கன்னையனை யாரோ தோளில் தூக்கிவிட்டார்கள். செல்வக்குமார் ஏற்கெனவே போனில் இருந்தார். தன் டிரைவரிடம் காரை எதால் துடைக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வெல என்ன சொல்றாங்க?" என்று மேளத்துக்கு மேலே கத்தினார் ஆத்தப்பன்.

"போன வருசத்துக்கும் கொஞ்சம் கொறச்சு, சார். பழைய துணிதானன்னு கேக்குறாங்க!"

"ஓக்கேன்னு சொல்லு!"

விழா பார்க்க வந்து, போர்ட்டிகோத் தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த இந்துமதி பக்கத்தில் வந்தாள். "ஏனுங்க, இனி இன்னும் எத்தன மேடைல பனியன் போத்துவாங்களோ, நம்ம ஊட்டுல பீரோ பத்தாதுங்க," என்றாள். ஆத்தப்பன் காதில் விழவில்லை.

நாகஜோதி பாதி இலைத் துணியை இரண்டு விரலால் வாங்கி, புத்தம்புதுப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை ஒட்டி, 'அப்ரூவ்டு சேம்பிள்' என்று சீட்டுக் கட்டினாள். இனி அதை யாரும் தொடக் கூடாது. கரீன் அதன்மேல் கையெழுத்துப் போட்டார்.

"வண்டிய எடு கன்னையா!" ஆத்தப்பன் முன்கதவைத் திறந்துகொண்டு நின்றார். கால் தரையில் பாவவில்லை. "மொதல்ல ஊட்டுச் சாப்பாடு, அங்கிருந்து நேராப் பழனி! மொட்ட போடறன்!"

தூறல் வலுத்துக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து இறங்கிய கன்னையன் வெறும் கையோடு நின்றார்.

"தொடைக்கத் துணி வேணுமுங்க, மொதலாளி."

"துணியா?" ஆத்தப்பன் சிரித்தார். "பனியன் கம்பெனீல நின்னுட்டுத் துணி கேக்கறான் பாரு!" கை சொடுக்கியதும் உள்ளேயிருந்து ஒரு பனியன் பறந்து வந்தது. புது உருப்படி, உறைகூடப் பிரிக்காதது. கன்னையன் பிரித்து, இலை உள்ளே போகிற மாதிரி மடித்து, கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டார். தண்ணீர் அப்படியே இழுவிக்கொண்டு நின்றது. இன்னொரு வட்டம். கண்ணாடி முன்னைவிட மங்கியது. பச்சையும் கொஞ்சம் இறங்கியது.

"இது தண்ணி இழுக்காதுங்க," என்றார் கன்னையன், பிழிந்து பார்த்துவிட்டு. "ஒரு மண்டலம் தொடச்சாத்தானுங்க பழகும்."